குடும்பச் சிகிச்சையும் பால் வேறுபாடும்

குடும்பத்தினரை ஒருங்கே அமர்த்தி அளிக்கப்படும் உளச்சிகிச்சையே குடும்பச் சிகிச்சை. 1950களில் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்ற இம்முறை, எவரையும் தனித்துக் குற்றஞ்சாட்டாத நடுநிலையைத் தன் சிறப்பாகக் கொண்டது. ஆயின், அந்நடுநிலையை ஆணும் பெண்ணும் ஒரேவிதமாக அனுபவித்தனரா என்பதே நாம் எழுப்பும் வினா.

பிள்ளையின் உளக்கோளாறுக்குத் தாயின் மிகைப் பிணைப்பும் தந்தையின் விலகலும் காரணமெனக் கண்ட சிகிச்சையாளர் பலர், தாயை ஒதுங்கி நிற்கப் பணித்துத் தந்தையை முன்னழைத்தனர். ஒரே செயலைத் தந்தை மதிப்பாகவும் தாய் பழியாகவும் உணர இது இடமளித்தது. வளர்ப்புச் சுமையைத் தாய்மீது ஏற்றியது சமூகமே என்பது மறக்கப்பட்டது. மரபுவழிப் பால் வகிபாகங்களைச் சிகிச்சையே வலுப்படுத்துவதை 1978இல் றேச்சல் ஹெயர்-மஸ்டின் சுட்டிக்காட்டினார். ஏற்றத்தாழ்வு நிலவுமிடத்தில் நடுநிலை, வலியவர் பக்கம் சாய்வதேயாகும். அதிகார உறவை வினவாத சிகிச்சை வீட்டை அமைதிப்படுத்தலாம். பெண்ணின் துயரை ஆற்றாது.