ஜூடோ படிக்க ஆசையா? முதலில் விழப் பழகுங்கள்!

ஆளைத் தூக்கிப் போடும் வித்தை, ஜூடோ. ஆனால், அதன் முதல் பாடம் தூக்கிப் போடுவது அல்ல, கீழே விழுவது!

இது ஜப்பான் நாட்டுக் கலை. 1882-ம் ஆண்டில் டோக்கியோவில் உள்ள ஒரு புத்தர் கோவிலில் ஜிகோரோ கானோ என்பவர் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. மாணவர்கள் 9 பேர். 12 பாய் விரிக்கும் அளவே இடம்!

1964-ல் ஒலிம்பிக் போட்டியில் ஜூடோ சேர்ந்தது. 1992 முதல் பெண்களுக்கும் ஒலிம்பிக் பதக்கம் உண்டு. மணிப்பூர் பெண் சுசீலா தேவி, 2014, 2022 காமன்வெல்த் போட்டிகளில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

எங்கே கேட்பது?

போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் பகுதிப் பெற்றோர், தேனியில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேட்கலாம். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியரையும் கேட்கலாம்.

பெயர்ப் பலகையை மட்டும் நம்பிச் சேர்க்கக் கூடாது. கராத்தே வேறு, ஜூடோ வேறு. கராத்தேயில் குத்து, உதை உண்டு. ஜூடோ போட்டியில் அவை கிடையாது. எதிரியின் சட்டையைப் பிடித்து, நிலை தடுமாற வைத்து, வீழ்த்த வேண்டும்.

உயிருக்கே ஆபத்து

ஜப்பானிலேயே, 1983 முதல் 2011 வரை, பள்ளிகளில் ஜூடோ பயின்ற 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டனர்! பலருக்குத் தலையில் அடி. புதிதாகச் சேர்ந்தவர்களும் அவர்களில் பலர்.

ஆகவே, பணம் கட்டும் முன்பு, ஒரு நாள் மாலை பயிற்சியை நேரில் பாருங்கள்.

தரையில் மெத்தை விரித்து இருக்கிறதா? வெறும் சிமெண்டுத் தரை என்றால் திரும்பி விடுங்கள்.

விழக் கற்றுத் தருகிறாரா? மோவாயை மார்போடு ஒட்டி வைத்து, தலை தரையில் படாமல், கையால் மெத்தையை அறைந்து விழ வேண்டும். இது நன்றாகப் பழகிய பிறகே தூக்கிப் போடும் பாடம்.

சம எடை உள்ளவர்களை ஜோடி சேர்க்கிறாரா? சிறுவனைப் பெரியவனோடு மோத விடக்கூடாது.

பிடியில் சிக்கியவர் கையால் தட்டினால், உடனே விட்டுவிடுகிறார்களா? அதுதான் ஜூடோ சட்டம்.

தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால், பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். "அது தானாகச் சரியாகி விடும்" என்று சொல்லும் வாத்தியாரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

அருகில் இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தில் சேர்க்க வேண்டாம். பஸ்சில் போக வேண்டி இருந்தாலும், விழக் கற்றுத் தரும் இடமே நல்ல இடம்!