உங்களுக்குத் தெரியுமா? கூடைக்குள் விளையும் திராட்சை

கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலிலுள்ள சாண்டோரினி தீவில், அசிர்டிகோ என்னும் திராட்சையிலிருந்து, பழச்சாற்றின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து ஆல்கஹாலாக மாறிவிடுவதால் இனிப்பற்றதாகிய 'உலர்' வகை வெள்ளை ஒயின் தயாரிக்கப்படுகிறது. பலத்த கடற்காற்றும் கடும் வெயிலும் கனிகளைத் தாக்காதிருக்க, உழவர்கள் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், 'கூலூரா' எனப்படும் கூடை வடிவில் தரையோடு வளைத்துப் பின்னி, குலைகள் அதன் உட்புறத்தில் காய்க்குமாறு வளர்க்கின்றனர். மழை அரிதான அங்கே, நுரைக்கல் கலந்த எரிமலை மண் கடல்மூட்டத்தின் ஈரத்தை உறிஞ்சிக் கொடிகளுக்கு அளிக்கிறது. களிமண் மிகக் குறைந்த அம்மண்ணில், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிய ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிழைக்க இயலாததால், கொடிகள் ஒட்டுக் கட்டப்படாமல் சொந்த வேரிலேயே நிலைத்துள்ளன. 1971இல் 'சாண்டோரினி' என்னும் ஒயின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது.