தார்ப்பாய் போட்டும் நெல் முளைப்பது ஏன்?

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் குறுவை அறுவடையும் வடகிழக்கு பருவமழையும் அடுத்தடுத்து வந்துவிடும். கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிய நெல், தார்ப்பாய் போட்டு மூடியும் முளைத்துப் போகிறதே, ஏன்?

நெல்லும் மூச்சு விடும். ஈரநெல் என்றால் இன்னும் வேகமாக விடும். குவியலுக்குள் சூடு ஏறும். வெளியேற வழியில்லாத ஆவி தார்ப்பாயில் பட்டு, தண்ணீராகி நெல்லிலேயே சொட்டும். தரை ஈரமும் அடியிலிருந்து ஏறும். விளைவு, முளை, பூஞ்சணம், கருப்பு நெல்.

ஈரப்பதம் 17 சதவீதத்தை தாண்டினால் மத்திய அரசு தளர்வு தரணும். 2022 அக்டோபரில் 19 வரை தந்தது. இல்லாவிட்டால் விவசாயி காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

மேட்டில் கொட்டி, சுற்றிலும் வடிகால் வெட்டணும். வெயில் தலைகாட்டியதுமே தார்ப்பாயை விலக்கி நெல்லை கிளறி விடணும். மூட்டை என்றால் அடியில் மரக்கட்டை அவசியம்.