விகடகவியைக் கணினி ஏன் ஏற்க மறுக்கிறது?

நிரல் எழுதக் கற்கும் பிள்ளைக்கு முதல் விளையாட்டாக இதைக் கொடுக்கலாம்: ஒரு சொல்லை வாங்கு, திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றா என்று பார். 'விகடகவி' எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். ஆனால் பைத்தானில் அப்படியே திருப்பிப் பார்த்தால் 'இல்லை' என்றுதான் விடை வரும்.

ஏன்?

நமக்கு அது 5 எழுத்து: வி, க, ட, க, வி. யூனிகோடிலோ 'வி' என்பது 'வ' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு குறிகள். ஆக மொத்தம் 7. திருப்பியதும் ஒரு கொக்கி அநாதையாக முன்னால் நிற்கிறது. இன்னொன்று பக்கத்துக் 'க'வில் ஒட்டி, அதைக் 'கி' ஆக்கிவிடுகிறது.

எப்படிச் சரிசெய்வது?

வெற்றுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, குறிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வந்தது கொக்கி, கால், கொம்பு, புள்ளி போன்ற துணைக்குறியானால், பட்டியலின் கடைசி எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையேல் புதிதாகச் சேர்க்க வேண்டும். பிறகு பட்டியலைத் திருப்பினால், விகடகவி விகடகவியாகவே வரும்.

மாறி, மடக்கு, நிபந்தனை, பட்டியல் என நான்கு பாடங்களும் இந்தச் சில வரிகளில் அடக்கம். பிழையின் காரணத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அவற்றை மறக்காது.