படகின் அடியில் பதுங்கும் ஆவி

படகின் பின்புறம் மாட்டும் மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டும். கேரளக் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கூடப் புறப்படும்போது கொஞ்சம் பெட்ரோல் கேட்கும்.

பெட்ரோலை விட அதன் ஆவிதான் பொல்லாதது! கண்ணுக்குத் தெரியாது. காற்றைப் போல் 3, 4 மடங்கு கனம். அதனால் மேலே பறந்து போகாமல் படகின் அடியில் இறங்கித் தங்கிவிடுகிறது. அங்கே ஒரு தீப்பொறி போதும். தப்பி ஓட இடம் ஏது? சுற்றிலும் கடல்!

தூக்கக்கூடிய டாங்கியா? கரைக்குக் கொண்டு வந்து, தரையில் வைத்து நிரப்புங்கள். (படகிலேயே ஊற்றுவது வெறும் சோம்பல்.) விளிம்பு வரை ஊற்றாதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். சிந்தினால் துடையுங்கள், துடைத்த துணியைப் படகில் வைக்காதீர்கள். மோட்டாரைக் கிளப்புமுன் குனிந்து முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால், அது போகும் வரை கயிற்றை இழுக்காதீர்கள்.