விளிம்பில் ஒரு வியூகம்

கபடியில் பாடிச் செல்பவர் எதிரணி வீரரைத் தொட்டுவிட்டால் மட்டும் போதாது. மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும். ஆட்டத்தின் சூடே அந்தத் திரும்பும் நொடியில்தான் இருக்கிறது. விடுதி அறைகளில் நம் மாணவர்கள் விளையாடும் ஒரு காணொளி விளையாட்டிலும் இதே சூட்டைக் காணலாம். நிண்டெண்டோ நிறுவனம் 1999இல் வெளியிட்ட 'சூப்பர் ஸ்மேஷ் பிரதர்ஸ்' வரிசைதான் அது. 'பொத்தான்களைக் கண்டபடி அழுத்துவதில் என்ன திறமை?' என்று கேட்பவர்களுக்கு, அதன் ஒரே ஓர் உத்தியை மட்டும் இங்கே விளக்க முயல்கிறேன்.

அடி ஏற ஏறத் தூரமும் ஏறும்

பொதுவாகச் சண்டை விளையாட்டுகளில் ஒவ்வோர் அடிக்கும் உயிர்க்கோடு குறையும். அது தீர்ந்தால் தோல்வி. மசாஹிரோ சகுராய் வடிவமைத்த இவ்விளையாட்டில் உயிர்க்கோடே இல்லை. அடி வாங்க வாங்க ஒரு விழுக்காடு ஏறிக்கொண்டே போகும். அது எவ்வளவு உயர்கிறதோ, அடுத்த அடியில் அவ்வளவு தூரம் தூக்கி எறியப்படுவோம். மேடை அந்தரத்தில் மிதக்கிறது. அதைச் சுற்றியுள்ள எல்லையைத் தாண்டினால்தான் ஓர் உயிர் போகும்.

ஆகவே, எதிராளியை மேடையிலிருந்து தள்ளுவது பாதி வேலைதான். எல்லையைத் தாண்டாதவரை அவர் திரும்பி வரலாம். அந்த வரவைத் தடுப்பதையே ஆட்டக்காரர்கள் 'எட்ஜ்கார்டிங்' என்கிறார்கள். நாம் விளிம்புக் காவல் எனலாம். ஒரே அடியில் எல்லைக்கு அனுப்ப முடியாத குறைந்த விழுக்காட்டிலும் இக்காவல் ஓர் உயிரைப் பறித்துத் தரும். அதன் மதிப்பு அங்கேதான்.

திரும்புபவரின் கையிருப்பு

மேடைக்கு வெளியே இருப்பவரிடம் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றிலேயே மீண்டும் ஒருமுறை குதிப்பது. மற்றொன்று, மேல்நோக்கிப் பாயும் சிறப்பு அசைவு. பெரும்பாலான பாத்திரங்கள் அந்தப் பாய்ச்சலுக்குப் பின் தரையையோ விளிம்பையோ தொடும்வரை வேறெதுவும் செய்ய முடியாமல் விழும்.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. காற்றில் அடிபட்டவருக்குப் பாய்ச்சல் மீண்டும் கிடைக்கும். செலவழித்த குதி கிடைக்காது. எனவே அனுபவசாலிகள் முதலில் எதிராளியின் குதியைத்தான் குறிவைப்பார்கள். குதியை இழந்தவர் வரக்கூடிய பாதை ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். பிறகு அங்கே காத்திருந்தால் போதும்.

காவலின் மூன்று வகை

முதலாவது, மேடையில் நின்றபடி காப்பது. மார்த் என்ற பாத்திரத்தின் நீண்ட வாள் இதற்கு ஏற்றது. ஃபாக்ஸ் தன் நெருப்புப் பாய்ச்சலுக்கு முன் அரை நொடிக்கும் மேலாகக் காற்றில் நின்று தயாராகும். அதற்குள் அதன் திசையை ஊகித்து வாளை ஓங்கிவிடலாம்.

இரண்டாவது, தானும் வெளியே குதித்துத் துரத்துவது. காற்றில் ஐந்து முறை குதிக்கும் ஜிக்லிபஃப் இதில் தேர்ந்தது. எதிராளியைப் பின்தொடர்ந்து உதைத்து எல்லைவரை நகர்த்திவிட்டு, தான் பத்திரமாகத் திரும்பிவிடும்.

மூன்றாவது, விளிம்பையே பிடித்துக்கொள்வது. 2001இல் வந்த 'மெலீ' பதிப்பில் ஒரு விளிம்பை ஒருவரே பற்ற முடியும். காவலர் முந்திப் பிடித்துத் தொங்கினால், விளிம்பை நம்பி வந்தவர் பிடிக்க இடமின்றி விழுவார். ஓர் அடிகூடத் தேவையில்லை!

இந்த மூன்றாம் வகை நியாயமானதா என்ற விவாதம் ஆட்டக்காரர்களிடையே உண்டு. 2014இல் வந்த பதிப்பு விதியையே மாற்றியது. பின்னால் வந்து பற்றுபவர், ஏற்கெனவே தொங்குபவரைத் தள்ளிவிடுவார். வழியை அடைத்தே வெல்வது இனி நடவாது. அடித்துத்தான் வெல்ல வேண்டும். 2018இல் வந்த 'அல்டிமேட்'டும் இவ்விதியைத் தொடர்கிறது. பழைய முறையில் விளிம்பை எப்போது பற்றுவது என்ற கணிப்பும் பெரும் திறமையே என்பது 'மெலீ' அன்பர்களின் வாதம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

எப்போது துரத்தக் கூடாது?

வெளியே குதிப்பவருக்கும் விழும் ஆபத்து உண்டு. நமக்கு இரண்டு உயிர், எதிராளிக்கு ஒன்று என்றால் இருவரும் சேர்ந்து விழுந்தாலும் வெற்றி நமக்கே. அப்போது துணியலாம். நிலைமை தலைகீழானால் அதே துணிச்சல் தோல்வியாக முடியும். எதிராளி விளிம்பைப் பற்றிவிட்டாலும் பதற வேண்டியதில்லை. அங்கிருந்து அவர் ஏறலாம், உருளலாம், குதிக்கலாம், தாக்கலாம். எதுவானாலும் முதுகுக்குப் பின்னே வெற்றிடம். வசதி இன்னும் நம் பக்கமே.

புதியவர்கள் பலர் ஓங்கி ஓர் அடி கொடுத்ததும் மேடை நடுவில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எதிராளி சாவகாசமாகத் திரும்பி வருகிறார். ஆட்டம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. கபடியில் பாடி வந்தவர் கோட்டைத் தொடும்வரை பிடியைத் தளர்த்தாத அணிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் நண்பரை மேடையிலிருந்து தள்ளியதும், அவரிடம் குதி மீதமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.