காருக்கும் ஒரு ஃபால்ஸ்!

புதுப் புடவை வாங்கியதும் முதல் காரியமாக ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிறோமே, எதற்காக? ஆசை ஆசையாக வாங்கிய பட்டு தரையில் புரண்டு, செருப்பில் சிக்கிக் கரை கிழியக் கூடாது என்பதற்காகத்தானே? உள்பக்கம் ஒளிந்திருக்கும் அந்தச் சாதாரணத் துணியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் புடவையின் ஆயுளைக் காப்பாற்றுவது அதுதான்.

மோட்டார் காருக்கும் அப்படி ஒரு 'ஃபால்ஸ்' உண்டு. முக்கியமாக, காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, வேறு காரின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிற ரசிகர்களுக்கு அது இல்லாமல் முடியாது. "அப்படியும் செய்வார்களா?" என்று கேட்கிறீர்களா? கேளுங்கள் கதையை!

குள்ளக் கார் மோகம்

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா, சினிமாவுக்கு மட்டுமல்ல, கார்ப் பைத்தியத்துக்கும் பேர்போன இடம். 1932இல் போர்டு கம்பெனி, சாமானியர்களும் வாங்கக்கூடிய விலையில் 'வி-8' எஞ்சின் பூட்டிய காரை வெளியிட்டது. அங்குள்ள இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? அந்த எஞ்சினைக் கழற்றிப் பழைய, லேசான கார்களில் மாட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டார்கள்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வசித்த மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்களின் ரசனை வேறு. அவர்களுக்கு வேகம் பெரிதல்ல, அழகுதான் பெரிது. காரைத் தாழ்த்தி, மினுக்கி, விட்டியர் புலிவார்ட் என்ற வீதியில் அன்ன நடையாக ஊர்வலம் விட்டார்கள்.

பார்த்தது சர்க்கார். மாற்றி அமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கரத்தின் இரும்பு விளிம்பை விடத் தாழ்ந்து இருக்கக் கூடாது என்று 1958இல் சட்டம் போட்டது. மறு வருஷமே, நினைத்தபோது காரை உயர்த்தவும் தாழ்த்தவும் ஹைட்ராலிக் பம்ப் பொருத்திக்கொண்டார் ஒரு சாமர்த்தியசாலி! அந்தத் தடை நீங்கியது 2024 ஜனவரி முதல் தேதிதான்.

தாழ்த்துவது, எஞ்சினை மாற்றுவது என்ற இரண்டு மோகங்களும் இன்று பல கார்களில் ஒன்று சேர்ந்துவிட்டன. மாஸ்டா கம்பெனியின் 'மியாட்டா' என்ற சின்னஞ்சிறு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் வந்தபோது எடை ஒரு டன்னுக்கும் குறைவு, எஞ்சின் 1.6 லிட்டர். அதற்குள் 5.7 லிட்டர் செவர்லே எஞ்சினைத் திணித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காப்பி பில்டருக்குள் கல்யாண அண்டாவை இறக்குவது போலத்தான்!

அடியில் ஒரு பாத்திரம்

எஞ்சினுக்கு அடியில் ஒரு பாத்திரம் உண்டு. 'ஆயில் பான்' என்று பெயர். நம் ஊர் மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்பார்கள். நாலைந்து லிட்டர் ஆயில் இதில்தான் தேங்கி நிற்கிறது. உள்ளே ஒரு குழாய், பாத்திரத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் வாயை வைத்துக்கொண்டு ஆயிலை உறிஞ்ச, பம்ப் அதை எஞ்சின் முழுவதும் அனுப்புகிறது.

எஞ்சினுக்குள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள சந்து, தலைமயிர் பருமன்தான். அதில் ஆயில் நிற்கும்வரை உலோகமும் உலோகமும் உரசாது. ஆயில் நின்றால், ஓரிரு நிமிஷத்துக்குள்ளேயே பேரிங் தேய்ந்து எஞ்சின் பாழாகிவிடும்.

இவ்வளவு முக்கியமான பாத்திரம் காரின் அடியில் அல்லவா தொங்குகிறது! சாதாரணக் கார்களில் அதற்கும் தரைக்கும் சுமார் ஆறு அங்குல இடைவெளி இருக்கும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கித் தாழ்த்தினால் அது நாலு, மூன்று என்று குறைகிறது. எஞ்சினும் அயல் காரிலிருந்து வந்ததென்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு எஞ்சினின் பாத்திரமும் அது பிறந்த காரின் அடிச்சட்டத்துக்கு ஏற்ப வடிக்கப்பட்டது. லாரி போன்ற உயரமான வண்டிக்குச் செய்த ஆழமான பாத்திரம், குள்ளக் காரில் சட்டத்துக்கும் கீழே தொங்கும். முதல் அடியை வாங்குவது அதுதான்.

வருமுன் காப்பது

முதல் வழி, சரியான பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது. செவர்லேயின் ஒரே எஞ்சின் குடும்பத்துக்கே பலவிதப் பாத்திரங்கள் உண்டு. சரக்கு வண்டிக்கு ஆழமானது. 1997இல் வந்த கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கோ, வௌவால் இறக்கை விரித்தாற்போல் அகலமாகவும் ஆழமில்லாமலும் செய்தார்கள். அகலம் இடிக்கிற ஒடுங்கிய கார்களுக்கென்றே அலுமினியத்தில் தனியாக வார்த்தும் விற்கிறார்கள்.

"இருக்கிற பாத்திரத்தையே வெட்டிக் குட்டையாக்கினால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும். ஆழத்தைக் குறைத்தால் ஆயில் பிடிக்கும் அளவும் குறையும். திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, குழாய் காற்றை உறிஞ்சும். ஆகவே குறைத்த இடத்தைப் பக்கவாட்டில் அகலப்படுத்தி ஈடுகட்ட வேண்டும். உள்ளே தடுப்புத் தகடு வைக்க வேண்டும். குழாயையும் அதற்கேற்பக் குட்டையாக்க வேண்டும்.

இரண்டாவது வழிதான் நமது ஃபால்ஸ். 'ஸ்கிட் பிளேட்' என்கிற கெட்டியான இரும்பு அல்லது அலுமினியத் தகட்டை எஞ்சினுக்கு அடியில் பொருத்துகிறார்கள். இதைப் பாத்திரத்தோடு சேர்த்து முடுக்கக் கூடாது. காரின் சட்டத்தில்தான் முடுக்க வேண்டும். அப்போதுதான் அடியைச் சட்டம் தாங்கும். தகட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். பழைய ஆயிலை இறக்க ஓட்டையும், காற்றுப் போக வழியும் விட வேண்டும்.

அடி பட்டுவிட்டால்?

இரும்புத் தகட்டில் செய்த பாத்திரம் நசுங்கும். வார்ப்பு அலுமினியம் விரிசல் விடும். விரிசல் விட்டால் ஆயில் ஒழுகித் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். நசுங்கியதுதான் பொல்லாதது! ஒரு சொட்டுக் கூட ஒழுகாது. ஆனால் உள்ளே அடித்தகடு மேலே எழும்பி, குழாயின் வாயை அடைத்திருக்கும். ஆயில் நிறைய இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. எனவே "ஒழுகவில்லையே" என்று நிம்மதியடையாமல் கழற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

நசுங்கிய இரும்பைத் தட்டி நிமிர்த்தலாம். ஓட்டை விழுந்தால் வெல்டிங் செய்யலாம். அலுமினியத்துக்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். வார்ப்பின் நுண்துளைகளில் ஆயில் ஊறியிருக்கும். அதைப் போக்காமல் பற்றவைத்தால் ஒட்டு நிற்காது. பெரிய விரிசல் என்றால் புதிது வாங்குவதே மேல். ஆயில் இருக்கும் பாத்திரத்தைக் காரிலேயே வைத்து வெல்டிங் செய்ய யாராவது முன்வந்தால் உடனே தடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். இரண்டு பசைகளைப் பிசைந்து அப்புவது ஆபத்துக்கு உதவும். அதுவும் ஆயிலை இறக்கி, இடத்தைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான். நிரந்தர வைத்தியம் அல்ல.

ஒட்டுப் போட்டது சரிதானா என்று பார்க்கப் பழைய பட்டறை வித்தை ஒன்று உண்டு. வெளிப்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிவைப்பார்கள். கசிவு இருந்தால் சாக்பீஸ் பூச்சில் ஈரத் திட்டுத் தெரிந்துவிடும்!

அந்தச் சிவப்பு விளக்கு

இனிச் சொல்வது காரில் உட்காரும் அனைவருக்கும் பொருந்தும். டிரைவருக்கு எதிரே, அலாவுதீன் விளக்குப் போல் ஒரு சிவப்புச் சின்னம் உண்டு. ஆயில் குறைந்துவருகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் விளக்கு அல்ல அது. ஆயிலின் அழுத்தமே விழுந்துவிட்டது என்று கடைசி நிமிஷத்தில் போடும் கூச்சல். அடியில் 'டங்'கென்று சத்தம் கேட்டு, அந்த விளக்கும் எரிந்தால், ஓரமாக நிறுத்தி அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "வீடு இதோ வந்துவிட்டது" என்று ஓட்டக் கூடாது. நிறுத்தினால் செலவு ஒரு பாத்திரத்தோடு போகும்; ஓட்டினால் எஞ்சினே போகும். அந்த ஒரு பர்லாங்கின் விலை அவ்வளவு!

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த மோகம் தொற்றினால்? தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதோடு நம் தெருக்களில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. விதிப்படி கட்டிய தடையே பத்து சென்டிமீட்டர் உயரம். விதியை மறந்து கட்டியவற்றின் உயரத்தைக் கேட்கவே வேண்டாம்!

ஆகவே பிள்ளையாண்டான் காரைத் தாழ்த்தப் போகிறேன் என்று ஆரம்பித்தால், நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபால்ஸ் தைத்தாயிற்றா?"